புதுப்பிப்பு: ஆத்துத் தண்ணில கிளைபோசேட் ஏன் தெரியல

ஒரே ஆத்துத் தண்ணி சாம்பிள்ல அட்ரசின்ங்கிற களைக்கொல்லி தெரியுது, இன்னொரு களைக்கொல்லியான கிளைபோசேட் மட்டும் ஏன் தெரியலன்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல, விடை கிடைச்சிருச்சு. கிளைபோசேட் தண்ணியோடவே ஒட்டிக்கிற ரகம், அதனால அட்ரசினைப் பிடிக்கிற சி18 கார்ட்ரிட்ஜ்ல (தண்ணியோட ஒட்டாத பொருளைப் பிடிச்சு வைக்கிற சின்ன குழாய்) நிக்காம அப்படியே ஓடிப்போயிடும், எஃப்மாக்ங்கிற ரசாயனத்தைச் சேர்த்து வேற வடிவத்துக்கு மாத்தி (டெரிவடைஸ் பண்ணி) எல்சி-எம்எஸ்ல (பொருட்களைப் பிரிச்சு, எடையை வச்சு அடையாளம் காட்டுற கருவி) தனியா ஓட்டணும். அது சிதைஞ்சு வர்ற ஆம்பாங்கிற பொருளையும் சேர்த்தே பாருங்க, இல்லன்னா கணக்கு முழுசா வராது.

பாட்டில் பிளாஸ்டிக்கா இருக்கட்டும், கண்ணாடில கிளைபோசேட் ஒட்டிக்கும்.

எனக்கு பெரிய கவலை என்னன்னா, களைக்கொல்லி அடிச்சப்புறம் வர்ற முதல் மழைல தான் அளவு எகிறும், மாசம் ஒருதடவ சாம்பிள் எடுத்தா அது மாட்டவே மாட்டேங்குது. குடிதண்ணி வரம்பு ஐரோப்பால ஒரு பூச்சி/களை மருந்துக்கு லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம், அமெரிக்கால அட்ரசினுக்கு 3, எதோட ஒப்பிட்டீங்கன்னு ரிப்போர்ட்ல கண்டிப்பா எழுதுங்க.