'போலி நோயாளி' வேண்டாம், 'ஒத்திகை நோயாளி' ஆகுமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

மருத்துவமனை மென்பொருளைச் சோதிக்கும்போது, மருத்துவர் முன் நோயாளிபோல நடிக்கப் பழக்கப்பட்டு வருபவரை ஆங்கிலத்தில் சிமுலேட்டட் பேஷண்ட் (simulated patient) என்கிறார்கள். இதற்குத் தமிழில் 'போலி நோயாளி' என்ற சொல் சரிவராது. 'போலி மருத்துவர் கைது' என்று நாளிதழில் படித்துப் பழகியவர்களுக்கு, அது காப்பீட்டுப் பணத்துக்காகப் படுத்திருப்பவரைத்தான் நினைவூட்டும். 'பாவனை நோயாளி' கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இலங்கைத் தமிழில் பாவனை என்றால் பயன்பாடு, பாவனையாளர் என்றால் பயனர். மென்பொருள் சோதனையில் இந்தச் சொல் வந்தால் யார் நோயாளி, யார் பயனர் என்றே குழம்பிப்போகும்.

1963இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர், நோய்க்குறிகளை நடித்துக்காட்ட ஒருவரைப் பழக்கி, மாணவர்களின் திறமையைச் சோதித்தார். நம் விஷயத்தில் தேறவேண்டியது மென்பொருள். மருத்துவர் உண்மையானவர்; எதிரில் இருப்பவருக்குத்தான் நோய் இல்லை. அதனால் திரை தடுமாறவைத்தாலும் யாருக்கும் தீங்கில்லை. பேரிடர் ஒத்திகை என்று நாம் சொல்வதும் இதைத்தானே? ஆகவே 'ஒத்திகை நோயாளி'.

காரைக்குடிப் பக்கம் இப்படியொரு சோதனைக்குக் கதை எழுதிக்கொடுத்தேன். நகரத்தார் வீடுகளில் பேரப்பிள்ளைகளுக்கு ஐயா, அப்பத்தா பெயரையே வைப்பார்கள். வள்ளியம்மை, மீனாட்சி என்று ஊருக்குள் பலர். ஆளைப் பிரித்துக்காட்டுவது விலாசம் எனும் முன்னெழுத்து வரிசைதான். எனவே ஒரே பெயர், ஏறக்குறைய ஒரே வயது, ஒருவருக்குச் சர்க்கரை, மற்றவருக்குப் பென்சிலின் ஒவ்வாமை என்று அமைத்தோம். மென்பொருளோ முன்னெழுத்துக்கு ஓரெழுத்துதான் இடம் விட்டிருந்தது. "ஆச்சி, நீங்க எந்த வீடு?" என்று செவிலியர் கேட்டார், பதிலைப் பதிய இடமில்லை. மருத்துவர் மற்றவருடைய பதிவைத் திறந்து, ஒவ்வாமை உள்ளவருக்கே பென்சிலின் வகை மருந்தான அமாக்சிசிலினை எழுதிவிட்டார். வந்திருந்தவர் உண்மையான நோயாளியாக இருந்திருந்தால்? நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது. கருத்துக்கேட்புத் தாளில் இந்தப் பிழை ஒருநாளும் வெளிவராது.

அதனாலேயே, இத்தகைய சோதனையைக் குறிக்கும் யூசபிலிட்டி டெஸ்டிங் (usability testing) என்பதற்குப் 'பயன்பாட்டெளிமைச் சோதனை' என்ற சொல்லையும் ஏற்கத் தயங்குகிறேன். அந்த மருத்துவருக்குத் திரை எளிதாகவே இருந்தது. வேலைதான் தவறாக முடிந்தது. யூசபிலிட்டியை வரையறுக்கும் ஐஎஸ்ஓ 9241-11 என்ற பன்னாட்டுத் தரநிலையும் வேலை சரியாக முடிந்ததா, எவ்வளவு நேரமும் உழைப்பும் செலவானது, பயனருக்கு மனநிறைவா என்று மூன்றையும் சேர்த்தே பார்க்கிறது. 'பயன்படுதிறன் சோதனை' என்றால் மூன்றும் அடங்கும்.

அப்புறம், கணினிக்குள் மட்டும் இருப்பவர் மெய்நிகர் நோயாளியாகவே இருக்கட்டும். ஒத்திகை நோயாளி என்பது ஆளாக வந்து உட்காருபவருக்கு மட்டும். அவர் மனப்பாடம் செய்யும் விவரத்தை இப்போதைக்கு 'நோய்க்கதை' என்று எழுதிவருகிறோம். மருத்துவத் துறையினர் இதைவிடப் பொருத்தமானதைச் சொன்னால் மாற்றிக்கொள்ளலாம்.