சூடானால் மட்டும் கிளட்ச் சிலிப்: 1.0 டர்போ, ஸ்டேஜ் 1 ரீமேப், 28,000 கி.மீ.

பெருங்குடி டர்போ:
வண்டி 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல் ஹாட்ச்பேக், 6 ஸ்பீடு மேனுவல், ஹைட்ராலிக் கிளட்ச். கம்பெனி டார்க் (என்ஜினின் திருப்பு விசை) 175 என்எம் (நியூட்டன் மீட்டர்). ஸ்டேஜ் 1 ரீமேப்பில் (என்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றியதில்) 240 என்எம் வருகிறது.

ஓஎம்ஆரில் மெட்ரோ வேலை நடக்கும் பகுதியில் நெடுநேரம் ஊர்ந்துவிட்டு, ரோடு கிடைத்ததும் 4-வது கியரில் முழு ரேஸ் கொடுத்தால் ஆர்பிஎம் மட்டும் எகிறுகிறது, வண்டி இழுக்கவில்லை. கருகல் வாடையும் வருகிறது. காலையில் எடுத்தவுடன் இந்தத் தொல்லை இல்லை. ஒர்க்‌ஷாப்பில் "ரீமேப் பண்ணா இப்படித்தான், கிளட்ச் செட் மாத்திடுங்க" என்கிறார்கள். கியர் பாக்ஸை இறக்குவதற்கு முன் என்னவெல்லாம் பார்க்கலாம்?

அம்பத்தூர் ஸ்பேனர்:
கை பிரேக் போட்டு 3-வது கியர்ல கிளட்சை விடுங்க ப்ரோ. என்ஜின் உடனே ஆஃப் ஆனா கிளட்ச் ஓகே.

கிண்டி கியர்பாக்ஸ்:
தம்பி, அந்த டெஸ்ட் வேண்டாம். தேய்ந்து முடிந்த கிளட்சைத்தான் அது காட்டும். 200 என்எம்முக்கு மேல் மட்டும் வழுக்குகிற பிளேட் அதில் பாஸாகிவிடும், கூடவே கொஞ்சம் கருகவும் செய்யும்.

அளந்து பார்ப்பதுதான் சரி. ஓபிடி டாங்கிளில் (வண்டியின் சாக்கெட்டில் செருகி என்ஜின் அளவுகளைப் படிக்கும் சிறு கருவி) ஆர்பிஎம், வேகம் இரண்டையும் பதிவு செய்யுங்கள். ஒரே கியரில் ஆர்பிஎம்மை வேகத்தால் வகுத்தால் ஒரே எண்தான் வர வேண்டும். உதாரணமாக 60 கி.மீ. வேகத்தில் 2000 ஆர்பிஎம் என்றால் விகிதம் 33.3. அதே கியரில் 80-ஐத் தொடும்போது 2667 இருக்க வேண்டும். 3100 காட்டினால் 16 சதவீதம் வழுக்குகிறது. 2-வது கியரில் பார்க்காதீர்கள், முன் டயர் சுழல்வதும் சிலிப் போலவே பதிவாகும். காலியான ரோட்டில், ஒருவர் ஓட்ட இன்னொருவர் பதிவு செய்வது நல்லது.

வேளச்சேரி வாகனம்:
மழைத் தண்ணியில இறங்கின வண்டியா? பெல் ஹவுசிங் (கிளட்சை மூடியிருக்குற கூடு) உள்ள தண்ணி போனாலும் சிலிப் ஆகுமே.

கிண்டி கியர்பாக்ஸ்:
ஆகும், ஆனால் நாலைந்து தடவை கிளட்ச் பிடித்து விட்டாலே ஈரம் காய்ந்து சரியாகிவிடும். வண்டி அப்படியே பல நாள் நின்றால் துருப்பிடித்துக் கிளம்பும்போது உதறும். சூட்டில் மட்டும் வருகிற சிலிப்புக்கு அது காரணம் இல்லை.

ஆயில் கசிவையும் பார்த்துவிடுங்கள். என்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் ஈரம் இருந்தால் தொட்டு முகருங்கள். கந்தக நெடி அடித்தால் கியர் ஆயில், இன்புட் ஷாஃப்ட் சீல் போயிருக்கிறது. என்ஜின் ஆயில் என்றால் கிராங்க் பின்பக்க சீல். இரண்டுக்கும் கியர் பாக்ஸ் இறங்கித்தான் ஆக வேண்டும்.

பாடி மெக்கானிக்கல்:
ரீமேப் மேல் பழி போடும் முன் கணக்கைப் பாருங்கள். கிளட்ச் தாங்கும் டார்க் = உராய்வுப் பரப்புகள் 2 × உராய்வு எண் × அழுத்தும் விசை × சராசரி ஆரம். புரிவதற்காக உத்தேச எண்கள்: உராய்வு எண் 0.30, பிரஷர் பிளேட் (கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் தட்டு) விசை 4500 நியூட்டன், ஆரம் 0.09 மீட்டர். விடை 243 என்எம். கம்பெனி 175-க்கு இது தாராளம், உங்கள் 240-க்கு விளிம்பு. சூட்டில் உராய்வு எண் 0.25-க்கு இறங்கினால் 202 தான் மிஞ்சும். அப்போது 240-ல் வழுக்கும், 175-ல் வழுக்கக் கூடாது.

ஆகவே ஸ்டாக் மேப்பை (கம்பெனியின் பழைய செட்டிங்கை) ஏற்றி, அதே நெரிசலில் சூடாக்கி, அதே பதிவை எடுங்கள். சிலிப் மறைந்தால் தாங்குதிறன் போதவில்லை என்று பொருள். 175-லும் வழுக்கினால் ஒன்று பிளேட் ஏற்கெனவே கருகிக் கண்ணாடி போலாகியிருக்கிறது, இல்லையென்றால் பிரஷர் பிளேட்டின் விசையை ஏதோ ஒன்று குறைக்கிறது. எனக்குச் சந்தேகம் ஹைட்ராலிக்கில்தான். பெடலை விட்டதும் மாஸ்டர் சிலிண்டரில் (பெடல் அழுத்தும் சிலிண்டர்) உள்ள சிறு துளை திறந்து, லைனில் உள்ள பிரேக் ஆயிலுக்கு டேங்க்கோடு வழி கிடைக்க வேண்டும். துளை அடைபட்டால், சூட்டில் விரியும் ஆயில் போக இடமில்லாமல் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும். நீங்கள் காலை எடுத்த பிறகும் கிளட்ச் பாதி மிதித்த நிலையிலேயே இருக்கும்.

சிலிப் ஆகும் சூட்டிலேயே சமதளத்தில் நிறுத்தி, பெடலைக் கால் நுனியால் மேலே தூக்குங்கள். மேலும் சில மில்லிமீட்டர் வந்து சிலிப் நின்றால் பெடல் ஸ்டாப்பர் அல்லது ஸ்ப்ரிங் பக்கம் கோளாறு. அப்படி இல்லையென்றால் ஸ்லேவ் நிப்பிளில் (கியர் பாக்ஸ் பக்கச் சிலிண்டரின் ஏர் எடுக்கும் திருகில்) டியூபும் பாட்டிலும் மாட்டி, பெடலைத் தொடாமல் கால் சுற்று திறந்து மூடுங்கள். கண்ணாடி அணியுங்கள், பெயின்டில் ஆயில் படக் கூடாது. பீச்சியடித்து, சிலிப்பும் நின்றால் லைனில் அழுத்தம் தேங்குகிறது.

அடுத்து மறுபடி சூடாக்கி, இம்முறை துணி சுற்றி மாஸ்டர் வெளிவழியில் உள்ள பைப் நட்டைத் தளர்த்துங்கள். அங்கேயே அழுத்தம் இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர். அங்கே இறங்காமல் நிப்பிளில் மட்டும் இறங்கினால் ரப்பர் ஹோஸ் உட்புறம் பிய்ந்து ஒருவழி வால்வு போல அடைக்கிறது.

பெருங்குடி டர்போ:
எல்லாம் செய்தாயிற்று. அடியில் எங்கும் ஈரம் இல்லை. ஸ்டாக் மேப்பில் சூட்டில் விகிதம் 33-லிருந்து 37-க்குப் போகிறது. பெடலைத் தூக்கியதில் மாற்றம் இல்லை. நிப்பிளைத் திறந்ததும் பீச்சியது, அடுத்த ஓட்டத்தில் விகிதம் 33-லேயே நின்றது. மறுபடி சூடாக்கி மாஸ்டர் பக்க நட்டைத் தளர்த்தினேன், அங்கேயே இறங்கிவிட்டது.

பாடி மெக்கானிக்கல்:
அப்படியானால் மாஸ்டர் சிலிண்டர்தான். கழற்றும் முன் டேங்க் மூடியின் உள் ரப்பரைப் பாருங்கள். உப்பி, இடத்தில் உட்காராமல் இருந்தால் யாரோ பவர் ஸ்டியரிங் ஆயில் போன்ற மினரல் ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள். பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டேங்க் என்றால் பிரேக் ரப்பர்களும் கெட்டிருக்கும். அந்த நிலையில் வண்டியை ஓட்டாமல் டோ செய்யுங்கள்.

பெருங்குடி டர்போ:
ரப்பர் சரியாக இருக்கிறது, உப்பவில்லை. கருகிய பிளேட்டை என்ன செய்வது?

கிண்டி கியர்பாக்ஸ்:
முதலில் மாஸ்டரை மாற்றி, சீல் உடைக்காத டாட் 4 பிரேக் ஆயில் ஊற்றி லைனில் உள்ள ஏரை எடுங்கள். புஷ் ராடு (பெடலிலிருந்து மாஸ்டர் பிஸ்டனைத் தள்ளும் கம்பி) அட்ஜஸ்ட் செய்யும் வகை என்றால் பெடல் முழுக்க மேலே வந்த நிலையில் ராடில் துளி ஆட்டம் இருக்க வேண்டும். ராடு பிஸ்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் புது மாஸ்டரிலும் இதே சிலிப் வரும்.

பிறகு ஸ்டாக் மேப்பிலேயே 500 கி.மீ. போல மென்மையாக ஓட்டிப் பதிவு எடுங்கள். லேசான பளபளப்பு அதிலேயே தேய்ந்து பிடிமானம் திரும்பலாம். திரும்பாவிட்டால்தான் கியர் பாக்ஸை இறக்க வேண்டும். இறக்கினால் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாக மாற்றுங்கள். ஃப்ளைவீலைக் (கிளட்ச் பிளேட் ஒட்டும் என்ஜின் சக்கரத்தை) கழற்றினால் போல்ட்டுகள் புதிதாகவே போட வேண்டும். ஸ்ப்ளைனில் (பிளேட் நகரும் ஷாஃப்ட்டின் பல்வரிசையில்) கிரீஸ் மெல்லிய பூச்சு போதும், மிஞ்சியது சிதறிப் பிளேட்டில் ஒட்டும். தானே அட்ஜஸ்ட் ஆகும் பிரஷர் பிளேட் என்றால் அதற்கான டூல் உள்ள ஒர்க்‌ஷாப்பிலேயே கொடுங்கள்.

ஸ்டேஜ் 1-க்குத் திரும்பும்போது, 4-வது கியரிலிருந்து 3000 ஆர்பிஎம்முக்குக் கீழே டார்க்கை 210 அளவில் கட்டுப்படுத்தச் சொல்லுங்கள். முழு 240-ம் வேண்டுமென்றால் அதிக விசையுள்ள பிரஷர் பிளேட் போட வேண்டும், ஓஎம்ஆர் நெரிசலில் அந்தப் பெடல் கால் வலிக்கும்.