மே மாதப் பறவை நடையில் பார்த்தது: இன்னும் உறுத்துகிறது

கரைமேட்டுக்காரன்:
போன மே மாதம், சென்னைப் பெரும்பாக்கம் சதுப்புநிலம். 14 பேர். காலை 5.45க்கே கரை மேல் ஏறிவிட்டோம். வலசை வந்தவை கிளம்பிப்போன காலம்தான், ஆனாலும் நீலத் தாழைக்கோழிக்கும் முக்குளிப்பானுக்கும் குறைவில்லை. அதையெல்லாம் விடுகிறேன். 8.30க்குத் திரும்பி வரும்போது, கரையோரச் சரளையில் ஆள்காட்டிப் பறவையின் முட்டைகளை முதலில் பார்த்தது நான்தான். 4 முட்டை, கல்லோடு கல்லாக. பார்த்த சந்தோஷத்தில் எல்லோரையும் கூப்பிட்டுவிட்டேன்.

மொத்தக் கூட்டமும் சுற்றி நின்றுவிட்டது. ஆளாளுக்குப் படம். இரண்டு பறவையும் தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றின. 10 நிமிடம் இருக்கும். அதுவரை முட்டை மேல் நேர் வெயில். கூட்டிப்போன அண்ணன்தான் கடைசியில் எல்லோரையும் நகர்த்தினார். தள்ளிப் போய் பைனாகுலரில் பார்த்தேன். ஒன்று குட்டையில் இறங்கி வயிற்றை நனைத்துக்கொண்டு ஓடி வந்து, சொட்டச் சொட்ட முட்டை மேல் உட்கார்ந்தது. எழுந்தது, மறுபடி குட்டைக்கு. மூன்று தடவை. அந்த ஓட்டம் கண்ணை விட்டுப் போகவில்லை.

தாமரைக்குளம்:
எனக்கு நீளவால் இலைக்கோழி. ஊர் ஏரியில் பிள்ளைகளோடு போன நடை அது. கோடையில்தான் அதற்கு அந்த நீள வாலும் பிடரியில் பொன்மஞ்சளும் இருக்கும். மிதக்கும் இலை மேல் முட்டை, அடைகாப்பது ஆண். பெண் முட்டையிட்டுவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும் என்று சொன்னதும் என் பையன், “அப்போ சாப்பாடு யாரு குடுப்பா?” என்றான். குஞ்சு தானே பொறுக்கித் தின்னும், அப்பா காவல் இருக்கும் என்றேன். குஞ்சு பார்க்க அடுத்த வாரமும் வரணும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டான்.

அடுத்த வாரம் போனால், ஆகாயத்தாமரை அள்ள பொக்லைன் இறக்கியிருந்தார்கள். அந்த இடமே வெறும் தண்ணீர். அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

பழைய பைனாகுலர்:
கரைமேடு தம்பி, நீங்கள் நின்றதால்தான் அது நனைத்தது என்று முடிவுகட்ட வேண்டாம். யாருமே பக்கத்தில் இல்லாதபோதும் கோடை வெயிலில் ஆள்காட்டி வயிற்றை நனைத்து வந்து முட்டையைக் குளிர வைக்கும். எங்கள் வயல் வரப்பில் நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் சில விஷயம் சொல்லியாக வேண்டும். மே மாதம் 8 மணிக்கு மேல் கூட்டமாக நடக்கவே கூடாது. 14 பேர் அதிகம், 6 பேர் போதும். ஆள்காட்டி தலைக்கு மேலே வந்து கத்துகிறது என்றால் கூடு பக்கத்தில் என்று அர்த்தம். தேடாதீர்கள், வந்த தடத்திலேயே திரும்புங்கள். நாம் எங்கே நிற்கிறோம் என்று முட்டை திருடும் காக்கை பார்த்துக்கொண்டே இருக்கும். கூட்டின் படத்தை வாட்ஸ்அப்பில் போட்டு இடத்தையும் சொல்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை இன்னும் 20 பேர் வந்து நிற்பார்கள். போனில் பறவைக் குரலைப் போட்டுக் கூப்பிடுவதை அடியோடு விடுங்கள், முட்டையை விட்டு அது எதிரியைத் தேடி ஓடும். அப்புறம், சிவப்புச் சட்டை வேண்டாம். தண்ணீர் 2 லிட்டர், தொப்பி. செருப்பு போதாது, ஷூ போட்டு வாருங்கள், கரையில் பாம்பு உண்டு.

ரேடியல் ரோடு:
சார், நனைப்பது இயல்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சாதாரண நாளில் ஒன்று முட்டைக்கு நிழலாக இருக்கும், மற்றது நனைத்து வந்து மாற்றிக்கொள்ளும். அன்றைக்கு இரண்டுமே மேலே கத்திக்கொண்டிருந்தன. 10 நிமிடம் நிழலே இல்லை. அவருக்கு உறுத்துவது அதுதான், அதை ஏன் இல்லை என்கிறீர்கள்?

நானும் பள்ளிக்கரணையில் ஒரு பவளக்காலி சிறகு ஒடிந்த மாதிரி இழுத்துக்கொண்டு போனதை நம்பி, காப்பாற்றப் பின்னாலேயே போனேன். கூட்டை விட்டு என்னைத் தூரம் கூட்டிப்போய் எழும்பிப் பறந்துவிட்டது. அதுவரை குஞ்சுகள் எங்கே பதுங்கியிருந்தனவோ.

கரைமேட்டுக்காரன்:
சார் சொன்னது ஆறுதல். ரேடியல் ரோடு சொன்னதுதான் நடந்தது.

ஒன்றை முதலில் எழுத மனம் வரவில்லை. மூன்று வாரம் கழித்துத் தனியாகப் போனேன். சரளையில் குழி மட்டும் இருந்தது, முட்டை இல்லை, ஓடும் இல்லை. பொரித்த அன்றே குஞ்சுகள் இறங்கி நடந்துவிடும், ஓட்டையும் தாய் தந்தை தூக்கிப் போட்டுவிடும் என்கிறார்கள். காக்கையோ நாயோ எடுத்திருந்தாலும் குழி அப்படித்தான் இருக்கும். கரைக்கு அந்தப்பக்கம் ஒரு ஆள்காட்டி கத்திக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்துத்தான் கத்தியது. கிட்டப் போகாமல் திரும்பிவிட்டேன்.