வேத வகுப்பில் ஒரு சிக்கல், யோசனை தேவை
அட்லாண்டா பக்கம் ஒரு பாப்டிஸ்ட் சபைக்குப் பத்து வருடமாகப் போகிறோம். பெரும்பாலும் வெள்ளையர்கள், கறுப்பினக் குடும்பங்கள் மூன்று, தமிழர்கள் நாங்கள் மட்டும். பெரியவர்களின் வேத வகுப்பை நான்தான் எடுக்கிறேன்.

மூன்று வாரம் முன்பு வகுப்பில், சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷன் என்ற பாப்டிஸ்ட் சபைகளின் கூட்டமைப்பு 1845-ல் இதே ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டாவில் உருவானதைப் பற்றிப் பேசினேன். அடிமை வைத்திருப்பவரை மிஷனரியாக அனுப்பலாமா என்ற தகராறில் பிரிந்து வந்தவர்கள். அடிமைமுறையை ஆதரித்ததற்காக 1995-ல் அவர்கள் மன்னிப்புக் கேட்டதையும் சேர்த்தேதான் சொன்னேன். ஒருவர் பைபிளைப் பட்டென்று மூடி, "இங்கே அரசியல் வேண்டாம்" என்றார். பின்வரிசையில் இருந்த கறுப்பின அம்மா எதுவும் பேசாமல் கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அவர் வகுப்புக்கு வரவில்லை.

போதகரிடம் போனேன், "கொஞ்சம் ஆறட்டும்" என்றார். கோபப்பட்டவரைக் காபிக்கு அழைத்தேன், பேச்சு தேர்தலில் போய் முடிந்தது. அடுத்த வாரம், அடிமை, சுயாதீனன் என்ற வேறுபாடில்லை, கிறிஸ்துவுக்குள் எல்லோரும் ஒன்றே என்கிற கலாத்தியர் 3:28 வசனத்தை எடுத்தேன். எல்லோரும் ஆமென் சொன்னார்கள், அவ்வளவுதான்.

அந்த அம்மாவிடம் மட்டும் இன்னும் பேசவில்லை. கல்லறைத் தோட்டத்தையே சாதி பார்த்துப் பிரித்த ஊர்க்காரன் நான், எந்த முகத்தோடு போவது என்ற தயக்கம்.

இப்படிப்பட்ட சபையில் இருந்தவர்கள் சொல்லுங்கள்: அவரிடம் பேச்சை எப்படித் தொடங்குவது?