வேரில் முடிச்சு விழும் பாத்தி: இந்த மாரிக்கு என்ன நடலாம்?

வணக்கம். யாழ்ப்பாணம் கோண்டாவிலில் வீட்டு வளவுக்குள்ளே சின்னத் தோட்டம், நல்ல செம்மண், கிணற்றுத் தண்ணீர். புரட்டாசி பிறந்துவிட்டது, மழைக்கு முன் பாத்தி தயாராக வேண்டும், ஆனால் கிணற்றடிப் பக்கத்து இரண்டு பாத்தியில் எதை நட்டாலும் உருப்படுவதில்லை.

போன மாரியில் தக்காளி போட்டேன். பூக்கிற பருவத்தில் மத்தியான வெயிலுக்கு வாடி, பின்னேரம் நிமிர்ந்தது. தண்ணீர் காணாது என்று நினைத்து இன்னும் இறைத்தேன், அதுதான் பிழை. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்கப் பாசிமணி கோத்தது போல முடிச்சு, கிள்ளினாலும் கழன்று வரவில்லை, வேரே வீங்கிப் போயிருந்தது. சரி, பயிரை மாற்றுவோம் என்று சித்திரையில் வெண்டி போட்டேன், அதற்கு இன்னும் மோசம்.

மண்ணிலிருந்து வேருக்குள் புகுகிற, கண்ணுக்குத் தெரியாத வேர்முடிச்சுப் புழு என்று விளங்கிவிட்டது. பழைய வேரெல்லாம் கிளறி எடுத்து எரித்தேன். ஆடியில் மண்ணை இரண்டு முறை கொத்திப் புரட்டிக் காயவிட்டேன். பாத்திக்கு ஐந்து கிலோ வேப்பம் பிண்ணாக்கும் பூவரசங் குழையும் தாட்டேன். வெயில் சூட்டில் புழு சாகட்டும் என்று கண்ணாடிப் பொலித்தீன் விரித்துப் பத்து நாள் மூடினேன், காற்று கிழித்துவிட்டது. அப்புறம் சோதனைக்கு வைத்த நாலு கத்தரிக் கன்றையும் நேற்றுப் பிடுங்கினேன், அதே முடிச்சு, ஆனால் சின்னதாக.

மருந்து அடிக்க விருப்பமில்லை, குடிக்கிற கிணறு பத்தடியில் இருக்கிறது.

இதே பிரச்சினையை எங்கள் செம்மண்ணில் கண்டவர்கள் சொல்லுங்கள்: இந்த மாரிக்கு அந்த இரண்டு பாத்தியிலும் எந்தப் பயிரைப் போட்டால் புழு குறையும்?