இணையச் சூதாட்டச் சட்டம்: எம்பி சொன்னதில் உடன்பாடில்லை, எப்படி எழுதுவது?

தெம்பனிஸ்வாசி:
சட்டப்படி லாட்டரியும் பந்தயமும் நடத்தும் சிங்கப்பூர் பூல்ஸில் இணையக் கணக்கு இருப்பதால்தான் ஆட்கள் கள்ளத் தளங்களுக்குப் போவதில்லை என்று எங்கள் வட்டார எம்பி கலந்துரையாடலில் சொன்னார். என்னால் ஏற்க முடியவில்லை. 4டி என்ற நான்கு இலக்க லாட்டரி எடுக்கக் கடை வரை நடந்த காலம் போய், படுத்துக்கொண்டே பந்தயம் கட்டும் நிலை வந்துவிட்டது. 2014ஆம் ஆண்டு இணையச் சூதாட்டச் சட்டத்தைத் திருத்த வேண்டும், அவர் மன்றத்தில் எதிர்த்து வாக்களிக்க வேண்டும் என்று கடிதம் எழுதியிருக்கிறேன். எம்பி குடியிருப்பாளர்களை நேரில் பார்க்கும் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியில் கொடுக்கலாமா?

சட்டப்புழு:
முதலில் கடிதத்தில் உள்ள சட்டத்தை மாற்றுங்கள். 2014இல் நிறைவேறிய சட்டம் இப்போது இல்லை. 2022 ஆகஸ்ட் 1 முதல் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான். பழைய பெயரோடு போனால், விவரம் தெரியாதவர் எழுதியது என்று முதல் வரியிலேயே முடிவு கட்டிவிடுவார்கள்.

அடுத்தது, 'எதிர்த்து வாக்களியுங்கள்' என்ற வரி. அதை எடுத்துவிடுங்கள். கட்சி சொல்கிறபடி வாக்களிக்க வைக்கும் கொறடா இருக்கும்போது அது நடக்காத காரியம். தவிர, இப்போது எந்த மசோதா வாக்கெடுப்பில் இருக்கிறது? எம்பியால் செய்ய முடிந்ததைக் கேளுங்கள்: நாடாளுமன்றக் கேள்வி. ஓர் அமர்வுக்கு ஓர் உறுப்பினர் ஐந்து கேள்விகள் வரை கொடுக்கலாம். அவற்றில் மூன்றுக்கு வாய்மொழிப் பதில் கேட்கலாம். வாய்மொழி என்றால்தான் பதிலைக் கேட்டபின் அங்கேயே துணைக்கேள்வி கேட்கலாம், அதனால் அதையே வலியுறுத்துங்கள். கேள்வி நேரம் ஒன்றரை மணி நேரம்தான். அதற்குள் முறை வராத கேள்விக்குப் பெரும்பாலும் எழுத்துப் பதிலோடு சரி.

பக்கத்து_புளோக்:
எம்பி சொன்னது முழுக்கத் தவறில்லை, தம்பி. பூல்ஸ் கணக்கு தொடங்க 21 வயதாகியிருக்க வேண்டும், செலவுக்கு வரம்பும் வைத்தாக வேண்டும். கள்ளத் தளத்தில் அதெல்லாம் கிடையாது. அங்கே ஆடுபவருக்கே 10,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சட்டம் ஒன்றும் தளர்வானதல்ல. தீபாவளிக்கு வீட்டில் சொந்தபந்தங்களோடு காசு வைத்துச் சீட்டாடலாம். அதையே ஆப்பில் ஆடினால் விலக்கு கிடையாது. 'அரசாங்கம் கண்டுகொள்வதில்லை' என்று எழுதினால் இதையெல்லாம் அடுக்கி ஒரு பதில் வரும், அத்தோடு முடிந்தது.

சட்டப்புழு:
அந்த வரம்பில்தான் ஓட்டை இருக்கிறது. தொகை எவ்வளவு என்று ஆடுபவரே தீர்மானிக்கிறார். மாதம் சில நூறு வெள்ளியைத் தாங்காத வீட்டிலும் பெரிய தொகையைப் போட்டுக்கொள்ளலாம். தெம்பனிஸ்வாசி இங்கே வாதிட்டால் பிடி கிடைக்கும். இதற்குச் சட்டத்திருத்தம் தேவை என்றும் நான் நினைக்கவில்லை. சூதாட்ட ஒழுங்குமுறை ஆணையம் உரிம நிபந்தனை வழியாகவே செய்யலாம். அதனால் கோரிக்கை சின்னதாகிறது, மறுப்பது கடினமாகிறது.

அந்த வரம்பு பயன்படுகிறதா என்பதற்கு எண்ணிக்கையும் கேட்கலாம். இப்படி எழுதுங்கள்: 'கடந்த மூன்றாண்டுகளில், ஆண்டுவாரியாக, இணையக் கணக்கு வைத்திருப்போரில் எத்தனை பேர் தங்கள் வரம்பை உயர்த்தினார்கள்? உச்சவரம்பு விதிக்க அமைச்சு பரிசீலிக்குமா?' எண்ணிக்கை கேட்கும் கேள்வியை நழுவுவது கொஞ்சம் சிரமம்.

தவறான அமைச்சுக்குப் போனால் கடிதம் அலையும். உரிமம், தளத்தடை எல்லாம் உள்துறை. சூதாட்டப் பழக்கத்துக்கான உதவி சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு. பூல்ஸின் உரிமையாளரான டோட் போர்டு நிதி அமைச்சின் கீழ். ஒரு கடிதத்தில் மூன்றையும் கலக்காதீர்கள்.

தெம்பனிஸ்வாசி:
நன்றி. அப்படியானால் மக்கள் சந்திப்பா, மின்னஞ்சலா?

பக்கத்து_புளோக்:
மின்னஞ்சல். மக்கள் சந்திப்பில் வீட்டு வாடகை, வேலை அனுமதி என்று வருபவர்களே அதிகம். அங்குள்ள தொண்டூழியர் உங்கள் வாதத்தையும் ஒரு மேல்முறையீட்டுக் கடிதமாக்கி அமைச்சுக்கு அனுப்பிவிடக்கூடும். 'கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று பதில் வரும். எம்பியின் முகவரி நாடாளுமன்ற இணையத்தளத்தில் இருக்கிறது. ஒரே பக்கம், உங்கள் புளோக் எண், ஒரே கோரிக்கை. மூன்று வாரம் பதில் இல்லையென்றால் அப்போது மக்கள் சந்திப்புக்குப் போய், மின்னஞ்சலின் அச்சுப்படியை நேரில் கையில் கொடுங்கள்.

பல எம்பிக்கள் சேர்ந்து பார்க்கும் குழுத்தொகுதி என்றால் உங்கள் வட்டாரத்துக்கு உரியவருக்கே எழுதுங்கள். மற்றவருக்கு எழுதினால் சுற்றிவிட்டு அவரிடமே வரும்.

சட்டப்புழு:
'சூதாட்டப் பணத்தில் ஆதாயம் பார்க்கிறார்' என்ற மாதிரி ஒரு சொல்லும் வேண்டாம், வாட்ஸ்அப் குழுவில்கூட. அவதூறு வழக்கு வரும். பொது இடத்தில் எதிர்ப்பு அட்டை பிடித்துத் தனியாக நிற்பதற்கும் அனுமதி வேண்டும். பேச்சுக்கும் கூட்டத்துக்கும் ஒதுக்கிய இடமுள்ள ஹோங் லிம் பூங்காவுக்கு மட்டும் வேறு விதி.