ஆண்டெனா மாட்டியவருக்கு 5ஜி பயம்

வாட்சாப்பில் வந்ததை வேதவாக்காக நம்பும் பெரியவரிடம் ஆய்வு முடிவுகளை அடுக்கிப் பயனில்லை. அவர் கைபட்ட தொழிலிலிருந்து பேச்சை எடுத்தால்தான் காது கொடுக்கிறார். பினாங்கு ஜெலுத்தோங்கில், எங்கள் அடுக்குமாடியில் நான் கண்டது இது.

பக்கத்து புளோக் அங்கிளுக்கு எழுபது தாண்டிவிட்டது. ரத்த அழுத்தக்காரர், தனியாக இருக்கிறார், மகள் ஈப்போவில். மொட்டை மாடியில் 5ஜி டவர் வந்ததிலிருந்து, அதன் அலை கேன்சர் தரும் என்ற வாட்சாப் செய்தியை நம்பி, இரவானால் போனை அணைத்து பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடிவிடுவார். டவரை எடுக்கச் சொல்லி வீடு வீடாகக் கையெழுத்தும் வாங்கினார். கையெழுத்து போகட்டும், எனக்கு அந்த டின்தான் பயம். நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் யாரைக் கூப்பிடுவார்?

"டபிள்யூஎச்ஓவே கேன்சர்னு சொல்லிடுச்சு லா, தம்பி."

அதில் பாதி உண்மை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011 இல் ரேடியோ அலைகளை 2பி பிரிவில் வைத்தது. ஒருவேளை இருக்கலாம், சான்று போதாது என்பவைதான் அந்தப் பிரிவில் வரும். கற்றாழை முழு இலைச் சாறும் அதில் உண்டு. அங்கிள் தினமும் காலையில் கற்றாழைச் சாறு குடிப்பவர். சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப அதையும் நிறுத்தணுமா?" கைப்பேசிக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பில்லை என்று அதே நிறுவனம் கேட்டுச் செய்யவைத்த ஆய்வுத் தொகுப்பு 2024 இல் வந்ததைச் சொன்னேன். "காசு வாங்கியிருப்பானுங்க" என்றார்.

அங்கிள் அந்தக் காலத்தில் டிவி ஆண்டெனா மாட்டியவர். டிவி அலை வந்த குனோங் ஜெராய் மலைப் பக்கம் திருப்பித் திருப்பிப் படத்தைத் தெளிய வைத்தவர். டிவி ஓடிய யூஎச்எஃப் அலைவரிசையின் அதிர்வெண் எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்று ஒரு நாள் கேட்டேன். நானூற்று எழுபதிலிருந்து எண்ணூற்றுச் சொச்சம் வரை, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"2019ல அனலாக் டிவியை நிறுத்துனாங்கல்ல, அங்கிள்? அதுல காலியான 700 மெகாஹெர்ட்ஸ்லதான் இப்ப 5ஜி ஓடுது."

"அந்த அலையா?"

அந்த அலைதான். 5ஜிக்கு 3.5 ஜிகாஹெர்ட்ஸும் உண்டு. அதுவும் நாம் பார்க்கும் வெளிச்சத்தைவிட லட்சம் மடங்குக்கு மேல் குறைந்த அதிர்வெண். எக்ஸ்ரே போல அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் சக்தி அதற்குக் கிடையாது. அளவு மீறினால் உடலைச் சூடாக்கும். பொதுமக்களுக்கான வரம்பை அந்த அளவுக்கு வெகு கீழேதான் வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் அவராகவே மாடிக்குக் கூட்டிப்போனார். தூரத்திலிருந்தே ஆண்டெனாவை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். "இது வெளியே பாத்து நிக்குது. கீழ் வீட்டுக்கு ரொம்பக் கொஞ்சம்தான் எறங்கும்." சற்றுப் பொறுத்து, "டவரை எடுத்துட்டா போன்தான் தூரத்து டவருக்குக் கத்தணும், இல்ல?" என்றார். ஆமாம், சிக்னல் குறைந்தால் போன் தன் சக்தியைக் கூட்டிக்கொள்ளும், அதுவும் நம் காதோரத்தில். இதை நான் சொல்லியிருந்தால் ஏற்றிருப்பாரா தெரியாது. அவரே கண்டுபிடித்ததால் அதற்குமேல் வாதமில்லை.

போன் இப்போது இரவெல்லாம் ஆனில்தான் இருக்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்க மட்டும் மனம் வரவில்லை, ஹால் அலமாரியில் வைக்கிறார். நான் வற்புறுத்தவில்லை, மணி அடித்தால் அங்கிருந்தும் கேட்கும். கையெழுத்துத் தாளை நிர்வாகத்திடம் கொடுக்கவில்லை. அலை அளவை அளந்து எங்களுக்குக் காட்டுங்கள் என்று வேறொரு கடிதம் எழுதியிருக்கிறார். நியாயமான கேள்விதானே, அதில் நானும் கையெழுத்துப் போட்டேன்.